பி செல் நார்மல்னு ரிப்போர்ட், ஆனா ஆன்டிபாடி இல்ல. ஏன்?

கவிதா:
எங்க அண்ணனுக்கு 34 வயசு. அஞ்சாறு வருஷமா சைனஸ், நெஞ்சு சளி, ரெண்டு தடவை நிமோனியா, நடுவுல டிபின்னு சொல்லி ஆறு மாசம் மாத்திரையும் முழுங்கியாச்சு ஆனா சளி டெஸ்ட்ல ஒருவாட்டி கூட டிபி கிருமி வரல. இப்பதான் ஒரு டாக்டர் இம்யூனோகுளோபுலின் (கிருமிய எதிர்க்குற ஆன்டிபாடி) அளவ பாக்க சொன்னாங்க, அதுல ஐஜிஜி வகை 210தான், ரொம்ப கம்மி, ஐஜிஏ வகை சுத்தமா இல்ல, சிவிஐடியாம், அதாவது ஆன்டிபாடி சரியா உருவாகாத எதிர்ப்பு சக்தி குறைபாடு. ரத்த செல்ல வகை பிரிச்சு எண்ணுற ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்ட்ல, ஆன்டிபாடி உண்டாக்குற வெள்ளையணுவான பி செல் மொத்தமா நார்மல், ஆனா அதுல ஸ்விட்ச்டு மெமரி (ஆன்டிபாடி வகை மாறி நினைவுக்கு தங்குற பி செல்) 0.8%, சிடி21 லோ (சிடி21ங்கற புரதம் கம்மியா இருக்கற பி செல்) 18%னு தடிச்ச எழுத்துல இருக்கு. பி செல் இருந்தும் ஆன்டிபாடி ஏன் இல்ல? வீட்ல யாருக்கும் தூக்கமே இல்ல.

லேப் அக்கா:
பி செல் இருந்தா மட்டும் பத்தாதும்மா, அது முதிரணும். கிருமிய பாத்ததும் டி செல்ங்கற இன்னொரு வெள்ளையணு துணையோட, முதல்ல வர்ற ஐஜிஎம் வகைல இருந்து ஐஜிஜி, ஐஜிஏன்னு மாறும், அதுல கொஞ்சம் மெமரி செல்லா தங்கும், கொஞ்சம் பிளாஸ்மா செல்லாகி ஆன்டிபாடி சுரக்கும். அண்ணனுக்கு அந்த மாறுற கட்டமே சரியா நடக்கல. 2008ல வந்த யூரோகிளாஸ்னு சிவிஐடிய பி செல் வச்சு பிரிக்கற முறைல ஸ்விட்ச்டு மெமரி 2% அல்லது அதுக்கும் கீழ இருந்தா தனி குரூப், அவங்களுக்கு மண்ணீரல் வீக்கம், கிரானுலோமா (உறுப்புல வர்ற சின்ன அழற்சி கட்டி) அதிகமா வருது, இதோட ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் குறையுறதும் சேர்ந்து வரலாம், சிடி21 லோ 10%க்கு மேல போனாலும் மண்ணீரல் வீங்குறது ஜாஸ்தி. வயிறு ஸ்கேன், நெஞ்சு சிடி ஸ்கேன் ரெண்டையும் டாக்டர்கிட்ட கேளுங்க. சிலருக்கு நைவ் சிடி4 டி செல்லும் (இன்னும் கிருமிய பாக்காத, துணை செய்யுற டி செல்) குறையும், அதையும் பாக்கணும்.

முருகேசன்:
தங்கச்சி, எனக்கும் சிவிஐடிதான், 11 வருஷமா ஐவிஐஜி (நரம்பு வழியா ஏத்துற ஆன்டிபாடி மருந்து) போட்டுக்கறேன், நாலு வாரத்துக்கு ஒருக்கா 30 கிராம். நிமோனியா நின்னுடுச்சு, அது நிஜமாவே பெரிய நிம்மதி. ஆனா அது வெளியில இருந்து ஐஜிஜி குடுக்குது அவ்ளோதான், செல்ல சரி பண்ணாது. மூணாவது வருஷம் ஒரு நாள் காலைல பல் தேய்க்கறப்ப வாஷ்பேசின் பூரா ரத்தம், கால்ல செவப்பு புள்ளி, பிளேட்லெட் 9,000. புள்ளி தெரிஞ்சா அன்னிக்கே ஆஸ்பத்திரி போங்க.

கவிதா:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. இன்னிக்கு ஸ்கேன்ல மண்ணீரல் வீங்கி 15 செமீ, பிளேட்லெட்டும் குறைஞ்சு 1,10,000. அண்ணன் குழந்தைக்கு போலியோ சொட்டு போடலாமா?

லேப் அக்கா:
சொட்டு மருந்துல உயிருள்ள வைரஸ் இருக்கும்மா, குழந்தை மூலமா அண்ணனுக்கு வரலாம். ஊசியா போடுற போலியோ மருந்து இருக்கு, சொட்டு போடறதுக்கு முன்னாடியே குழந்தை டாக்டர்கிட்ட அண்ணன் விஷயத்த சொல்லிடுங்க.