போட் வயர்லெஸ்ல மேடே (உயிருக்கு ஆபத்துன்னு உதவி கேக்குற அழைப்பு) கூப்பிடுறதுக்கு தமிழ்ல கார்டு இருக்கா?

அண்ணன் போட் தேங்காப்பட்டணத்துலேர்ந்து ஆழ்கடல் போகுது, விஎச்எஃப் வயர்லெஸ் செட் இருக்கு ஆனா ஆளுங்க அதுல மீன்பாடு பேசித்தான் பழக்கம், ஆபத்துன்னா 16ம் சேனல்ல எப்படி கூப்பிடணும்னு டிரைவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவருக்கே ஒண்ணு ஆயிட்டா என்ன பண்றது?

அதான் கேபின்ல ஒட்ட பெரிய எழுத்துல ஒரு கார்டு ரெடி பண்றேன். போட் மூழ்குது, தீப்பிடிச்சிருச்சுன்னா 'மேடே' மூணு தடவ, போட் பேரு மூணு தடவ, அப்புறம் ஜிபிஎஸ் காட்டுற இடம், என்ன ஆபத்து, எத்தன பேர் இருக்கோம். இன்ஜின் நின்னு நீவாட்டுல (கடல் நீரோட்டத்துல) இழுத்துட்டுப் போகுது, உடனே உயிருக்கு பயமில்லன்னா 'பான் பான்'. அடுத்தவங்க மேடே காதுல விழுந்தா நம்ம பேச்ச நிறுத்திட்டு கேக்கணும், இது ரொம்ப முக்கியம், எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா கூப்பிடுறவன் குரலே அமுங்கிடும்.

இந்த மாதிரி கார்டு யாராவது அடிச்சு வச்சிருந்தா போட்டோ அனுப்புங்க. இன்னொண்ணு, சிவப்பு மூடிக்குள்ள இருக்குற டிஸ்ட்ரஸ் பட்டன் 70ம் சேனல்ல சிக்னல் அனுப்பும், அதுக்கு 9 இலக்க எம்எம்எஸ்ஐ நம்பர் (எந்த போட்னு காட்டுற அடையாள நம்பர்) ஏத்தியிருக்கணும். எங்க செட் செகண்ட்ஹேண்ட், பழைய ஓனர் நம்பர் உள்ள இருந்தா அத யாரு மாத்தித் தருவாங்க? குளச்சல் பக்கம் பண்ணினவங்க இருந்தா சொல்லுங்கண்ணா, அடுத்த வாரம் போட் கிளம்புது.