அப்பாவோட முதலாம் ஆண்டு நினைவு மலர்ல என்ன எழுதுறது? ஆஸ்பத்திரில வேலை பாத்தவங்க யாராச்சும் ஐடியா சொல்லுங்க

தல்லாகுளத்துப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எங்கப்பா மதுரைல ஒரு தனியார் ஆஸ்பத்திரில 31 வருஷம் இருந்தாரு, பில்லிங் கவுண்டர்ல கிளார்க்கா சேந்து கடைசில அட்மினிஸ்ட்ரேட்டரா வந்து நின்னாரு. போன வருஷம் தவறிட்டாரு, வர்ற ஆவணில தலைத்திவசம். சின்னதா ஒரு நினைவு மலர் போடலாம்னு தம்பி சொல்றான். ஆஸ்பத்திரில இருந்து அவங்களே ஒரு மேட்டர் எழுதி அனுப்பிருக்காங்க, "எளிமையின் சிகரம், ஏழைகளின் தோழர், சிறந்த நிர்வாகி, பாசமிகு குடும்பத் தலைவர்" அப்படினு போகுது, பேர மாத்திட்டா இந்த ஊர்ல யாருக்கு வேணாலும் ஒட்டலாம் போல இருக்கு. அம்மாட்ட படிச்சுக் காமிச்சேன், கடைசி வரி வந்ததும் சிரிச்சிருச்சு. "வீட்ல இருந்தாத்தானடி குடும்பத் தலைவர்"னு சொல்லிட்டு அடுப்படிக்கு போயிருச்சு. அதுக்கப்பறம் ஒரு வரிகூட எழுத முடியல எனக்கு. நல்ல மனுஷன்தான், அதுல சந்தேகமில்ல, ஆனா என் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஒருதரம்கூட வந்ததில்ல. ரெண்டையும் எப்படி ஒரே மலர்ல வைக்கிறது?

பைபாஸ் ரோட்டுக்காரன்:
தங்கச்சி, அந்த மேட்டர மொதல்ல கிழிச்சுப் போடு. நான் மருந்து கம்பெனி ரெப்பா 20 வருஷம் மதுரை, திண்டுக்கல், தேனி லைன் சுத்துனவன், எத்தனையோ அட்மினிஸ்ட்ரேட்டர பாத்தாச்சு. ஒரு ஆள் எப்படினு தெரியணும்னா டாக்டர்ட்ட கேக்கக்கூடாது, வாட்ச்மேன்ட்ட கேளு, லிப்ட் ஆப்பரேட்டர்ட்ட கேளு, கேன்டீன்ல டீ ஆத்துறவர்ட்ட கேளு, அவங்க ஒரு விசயம் சொல்வாங்க பாரு அது எந்த மலர்லயும் வராது. ஒரு நாள் லீவு போட்டு போய் உக்காரு அங்க.

யானைமலை:
யாரும் கோச்சுக்காதீங்க, ஆஸ்பத்திரி மேனேஜர்னாலே எனக்கு ஆகாது. எங்க தாத்தா எறந்தப்ப ஒரு தனியார் ஆஸ்பத்திரில பாக்கிப் பணத்த கட்டுனாத்தான் பாடிய தருவோம்னு ராத்திரி 11 மணில இருந்து விடிய விடிய உக்கார வச்சாங்க, எங்க சித்தி கழுத்துல கெடந்தத கழட்டி சேட்டுக் கடை தெறக்குற வரைக்கும் கைலயே வச்சிருந்துச்சு. அன்னைக்கு சட்டை கசங்காம வந்து "ரூல்ஸ் சார்"னு சொன்ன ஆளும் யாரோ ஒருத்தருக்கு அப்பாதான். உங்கப்பா அப்படினு சொல்லல, ஆனா பணம் இல்லாம வந்தவங்கட்ட அவர் என்ன பண்ணாருனு அந்த மலர்ல இருந்தா நான் படிப்பேன். இல்லாட்டி மடிச்சு வச்சிருவேன்.

தல்லாகுளத்துப் பொண்ணு:
@யானைமலை அண்ணே, கோவம் ஒண்ணுமில்ல. உண்மைய சொல்றேன், எங்கப்பாவும் டிஸ்சார்ஜ நிறுத்தி வச்சிருக்காரு. வீட்ல வந்து சோறு எறங்காம உக்காந்திருப்பாரு, என்னனு கேட்டா "மொதலாளி பணம்டி, எம்பணம் இல்ல"ம்பாரு. அவரால முடிஞ்ச ஒரு வழி காப்பீட்டு அட்டைதான். 2009ல கலைஞர் காப்பீடு வந்தப்பவே அதுல புகுந்து பாத்துட்டாரு, அப்பறம் 2012 ஜனவரில முதலமைச்சர் காப்பீடுனு மாறுனப்ப வருச வருமானம் 72,000க்குள்ளனு விஏஓ கிட்ட சர்டிபிகேட் வாங்கணும், கலெக்டர் ஆபீஸ்ல போய் போட்டோ எடுக்கணும், உசிலம்பட்டி பக்கத்துல இருந்து நெஞ்சுவலினு வந்து படுத்திருக்கிறவர் சம்சாரத்துக்கு கலெக்டர் ஆபீஸ் எந்தப் பக்கம்னுகூட தெரியாது. அப்பா ஒரு அட்டெண்டர இதுக்குனே ஒதுக்கி பஸ் காசும் குடுத்து கூடவே அனுப்புவாரு. இதுக்காக மேனேஜ்மென்ட்ல திட்டும் வாங்கிருக்காரு. ஆனா எல்லாருக்கும் அட்டை கெடைக்காது, லிஸ்ட்ல இல்லாத வைத்தியமும் இருக்கு, அப்பல்லாம் அவரும் நீங்க சொன்ன அந்த ஆள் மாதிரி நின்னுருப்பாரு. இத எழுதலாமானு தெரியல.

ரிட்டையர்ட் சிஸ்டர்:
எழுதும்மா, கண்டிப்பா எழுது. நான் பெரியாஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டையர்ட் ஆனவ. மதுரைக்காரங்களுக்கு ஆஸ்பத்திரி நடத்துறதுனா என்னனு அளவுகோல் ஒண்ணு இருக்கு, அது டாக்டர் வெங்கடசாமி ஐயா. அவரும் இங்க கவர்மெண்டு வேலைல இருந்து ரிட்டையர்ட் ஆனவருதான், 58 வயசுல 1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய தொடங்குனாரு. அந்த 11ங்கிற நம்பர் மட்டும் இருந்திருந்தா யாருக்கு ஞாபகம் இருக்கும், மூட்டுவாதத்துல கோணிப்போன அந்த வெரல்களத்தான் ஊரே ஞாபகம் வச்சிருக்கு, அந்த வெரல வச்சுத்தான் ஒரு லட்சத்துக்கு மேல கண் ஆபரேசன் பண்ணாரு. கல்யாணம் கட்டிக்கல, ஆனா தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரர், தம்பினு குடும்பமே அந்த ஆஸ்பத்திரிக்குள்ளதான் இருந்துச்சு. குடும்பஸ்தன்ங்கிறதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்னு நெனச்சுக்காத.

ஆமா, அப்பா கண்தானம் பண்ணாரா? ஆஸ்பத்திரில இருந்தவர்னு சொன்னதால கேக்குறேன்.

தல்லாகுளத்துப் பொண்ணு:
பண்ணோம் சிஸ்டர். உசுரு போயி 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்னு அவரே எங்களுக்கு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாரு. அன்னைக்கு நாங்க எல்லாம் கத்திகிட்டு கெடக்கோம், அம்மா மட்டும் எந்திரிச்சு போயி பேன நிறுத்திச்சு, வேர்க்குதுல்லனு அத்தை மறுபடி போட வந்தாக, "போடாதீக, கண்ணு காஞ்சு போகும்"னுச்சு. கண்ண மூடி மேல ஈரப் பஞ்ச வச்சு தலைக்கு ரெண்டு தலகாணி கொடுத்துச்சு. வந்தவங்க அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சுட்டு கெளம்பிட்டாங்க, மொகம் அப்படியே இருந்துச்சு. "சுகர் இருந்த மனுசனாச்சே, கண்புரை ஆபரேசன் வேற பண்ணிருக்காரே, எடுப்பாகளா"னு பெரியப்பா கேட்டாரு, எடுக்கலாம்னாங்க. யாருக்கு வச்சாங்கனு சொல்லமாட்டாங்களாம். அம்மா இப்பவும் பஸ்ல யாராச்சும் உத்துப் பாத்தா திரும்பிப் பாக்குது.

அச்சாபீஸ் தம்பி:
அக்கா நான் பிரஸ்ல இருக்கேன். பக்கம் 4ன் மடங்கா வச்சுக்குங்க, 8 இல்ல 12, அதவிட்டு 10னு வந்தா ரெண்டு பக்கம் வெள்ளையா நிக்கும், அப்பறம் மாமா மச்சான்லாம் கவிதை எழுதித் தரேன்னு வருவாங்க. வாட்ஸப்புல வந்த போட்டோ வேணவே வேணாம், அச்சுல மங்கிப் போகும், ஆல்பத்துல இருந்து எடுத்து ஸ்கேன் பண்ணிக் குடுங்க. இன்னொண்ணு, சால்வை போத்துற போட்டோ ஒண்ணு போதும். எனக்கு வர்ற மலர்ல பாதில சால்வைதான் தெரியுது, ஆளத் தேட வேண்டியிருக்கு.

தல்லாகுளத்துப் பொண்ணு:
ஒரு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன், மன்னிக்கணும். பைபாஸ் ரோட்டு அண்ணன் சொன்னபடி போய் உக்காந்தேன். வாட்ச்மேன் ஐயா சொன்னது, அப்பா காலைல அஞ்சரைக்கு வந்தா மொதல்ல பாக்குறது வார்ட இல்லையாம், கக்கூஸத்தானாம். ஒவ்வொரு மாடியா ஏறி கதவத் தெறந்து பாத்துட்டுத்தான் ரூமுக்குப் போவாராம். அப்பறம் மொட்டமாடிக்கு கூட்டிட்டுப் போனாரு. அங்க நீளமா நாலு கொடி, நைலான் கயிறு, கம்பில கட்டி இழுத்து விட்ருக்கு, சேலையும் வேட்டியுமா காஞ்சுகிட்டு கெடந்துச்சு. கூட இருக்க வர்ற ஊர்க்காரங்க ஒரு மாத்துத் துணியோட வந்து பத்து நாள் தங்கிடுவாங்க, தொவைச்சத காயப்போட எடமில்லாம ஜன்னல் கம்பில போட, ஆஸ்பத்திரி லட்சணமா இல்லைனு மேல இருந்து சத்தம் வருமாம். அப்பா மூணு மீட்டிங்ல கேட்டுத்தான் அந்த மாடிக் கதவு தெறந்துச்சாம். நான் அத ஒரு போட்டோ எடுத்தேன், அட்டைப்படம் அதுதான். தம்பி ஒத்துக்கல, அப்பா மொகம் போடணும்ங்கிறான், இன்னும் சண்டை ஓடுது.

@யானைமலை அண்ணே, டிஸ்சார்ஜ் நிறுத்துனதையும் போட்டுட்டேன், ரெண்டு வரி. ஆஸ்பத்திரிக்காரங்க அந்த மலர வாங்கமாட்டாங்கனு நெனக்கிறேன், பரவால்ல.

அம்மாட்ட கடைசியாத்தான் கேட்டேன், உனக்கு என்ன ஞாபகம் வருதுனு. 2021ல கொரோனாவால அழகர் ஆத்துல எறங்கலல்ல, அந்த சித்ரா பௌர்ணமிக்கு அப்பா பாசிட்டிவ் ஆகி மாடி ரூம்ல தனியா கெடந்தாரு. அம்மா தட்ட மேல் படில வச்சுட்டு நாலு படி கீழ எறங்கி உக்காந்துக்குமாம், அப்பா கதவ லேசா தெறந்து வச்சுகிட்டு பேசுவாராம். நாங்க பொறக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வருசம் ரெண்டு பேரும் அழகர ஊருக்குள்ள வரவேற்குற எதிர்சேவை பாக்க போனது, கூட்டத்துல அம்மா செருப்பு தொலைஞ்சது, அப்பா தன் செருப்ப கழட்டிக் குடுத்துட்டு தார் ரோட்டுல வெறுங்காலோட நடந்து வந்தது, எல்லாம். பதிமூணு நாள். "கல்யாணமாகி அத்தன நாள் சேந்தாப்புல பேசுனது அப்பத்தான்"னுச்சு.

இத மலர்ல போடவானு கேட்டேன். "போடு. ஆனா படில வச்சதுனு போடாத, ஆறுன இட்லியப் போட்டாளாம்னு உங்க அத்தை பேசுவா"னுச்சு.