மறு: ஆசிரியர்கள் கூடும் மெய்நிகர் உலகம் – ‘வளவெளி’யை விட ‘வளவு’ நல்லது

அனைவருக்கும் வணக்கம்.

ஆசிரியர்கள் கணினிக்குள் கூடிப் பழகும் ‘விர்ச்சுவல் வேர்ல்டு’க்குத் தமிழில் கலைச்சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. நேற்று இரவு பேராசிரியர் ஐயா ‘மெய்நிகர் உலகக் கற்றல் வளவெளி’ என்று முன்மொழிந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “நாளைக்கு ஆறு மணிக்கு மெய்நிகர் உலகக் கற்றல் வளவெளியில் சந்திப்போம்” என்று ஒரு டீச்சர் இன்னொரு டீச்சருக்கு வாட்ஸப்பில் எழுதுவாரா? ‘லிங்க் அனுப்புங்க’ என்பதோடு கதை முடிந்துவிடும்.

> பொருள் ஒரு மென்பொருள்தானே? ‘மெய்நிகர் கற்றல் மென்பொருள்’ என்றால் என்ன குறை?

தம்பி, மென்பொருள் என்பது செங்கலும் சிமென்ட்டும். நாம் பெயர் தேடுவது அதை வைத்துக் கட்டிய வீட்டுக்கு. ஆளுக்கோர் உருவம் எடுத்து உள்ளே நடமாடும் செகண்ட் லைஃப் 2003இல் வந்த மென்பொருள். அதற்குள் 2006இல் அமெரிக்காவின் இலினாய் மாநில நூலகர்கள் ‘இன்ஃபோ ஐலண்ட்’ என்று ஒரு தீவு போட்டு, மேசை வைத்து உட்கார்ந்து, வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்களே, அந்தத் தீவுக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். ஆசிரியர்கள் வந்து போக, பேச, பாடக்குறிப்பையும் மாதிரிகளையும் வைத்துவிட்டுப் போக, அடுத்தவர் வைத்ததை எடுத்துக்கொள்ள ஓர் இடம்.

எந்தச் சொல் வந்தாலும் அதை நான் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கிறேன்: டாப்ட் இன். கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனம் 1997இல் ஆசிரியர்களுக்காகவே திறந்து, 2013 வரை நடத்திய இடம் அது. தொடக்கத்தில் படமே கிடையாது, முழுக்க எழுத்துதான். உள்ளே நுழைந்தால் வரவேற்பறையில் இருக்கிறீர்கள் என்று திரையில் ஒரு வரி வரும். அங்கே உதவி மேசையில் இன்னோர் ஆசிரியர் இருப்பார், வணக்கம் சொல்வார். கட்டடத்துக்கு மாடிகள் உண்டு. மாடிகளில் அறைகள் உண்டு. ஓர் ஆசிரியர் தனக்கென்று ஓர் அறை எடுத்துக்கொண்டு அதில் குறிப்புகளை விட்டுவைக்கலாம். வேலை முடிந்து வெளியேறினால், அன்று பேசிய பேச்சு முழுவதும் அவருடைய மின்னஞ்சலுக்கு வந்து சேரும். (இந்த ஒன்றுக்காகவே அதைக் கட்டியவர்களைக் கும்பிடலாம். இன்றைய காணொலிக் கூட்டங்களில் ‘அந்த லிங்க்கை யாராவது திரும்பப் போடுங்கள்’ என்று கெஞ்சுவதை நினைத்துப் பாருங்கள்.)

இப்போது இந்த இழையில் வந்த மற்றச் சொற்களை உரசுவோம். ‘தோற்ற மெய்ம்மை’ விழுந்துவிட்டது, அங்கே தோற்றமே இல்லை. ‘முப்பரிமாணக் கற்றல்தளம்’ அதற்கும் முன்னால் விழுந்தது. ‘மாய உலகம்’ என்றால் மாயாஜாலப் படத்து மந்திரவாதி பக்கத்தில் வந்து நிற்கிறார், போகட்டும். ‘உலவுகளம்’ காதுக்கு இனிமைதான். ஆனால் உலாவி, உலவி என்று இரண்டு விதமாக ஏற்கெனவே பிரவுசருக்குக் கொடுத்துவிட்டோம். ‘வெளி’யைப் பற்றி என்ன சொல்ல. சிற்றிதழ்க் கட்டுரைகளில் முப்பது வருடமாக எல்லாவற்றின் பின்னாலும் ஒரு வெளி ஒட்டியிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்.

‘மெய்நிகர்’ மட்டும் தனிக் கதை. அது வேரூன்றிவிட்டது, பெயரடையாக இருந்துவிட்டுப் போகட்டும், பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் எதுபோல இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை. டாப்ட் இன்னில் இரண்டு பேர் பேசியது பேச்சுக்கு நிகரான ஒன்று அல்ல, பேச்சேதான். விட்டுப்போன பாடக்குறிப்பும் பாடக்குறிப்பேதான்.

இந்த ‘போல’ எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை நானே பட்டிருக்கிறேன். 2009இல் ஒரு நிறுவனத்துக்காக செகண்ட் லைஃபில் ஆசிரியர் பயிற்சிக்கூடம் கட்டிக்கொடுத்தேன். அவர்கள் எடுத்திருந்தது 4,096 சதுர மீட்டர் துண்டு, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அந்த அளவு நிலத்தில் அப்போது 937 பிரிம் வைக்கலாம். பிரிம் என்பது அங்கே கட்டுவதற்கான அடிப்படைத் துண்டு. பெட்டி, உருளை, கோளம் இப்படி. ‘வகுப்பறை மாதிரியே இருக்க வேண்டும்’ என்றார்கள். சரி என்று 40 பெஞ்சு, 40 டெஸ்க் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் 7 பிரிம், அதிலேயே 560 காலி. மிச்சத்தில் சுவர், கரும்பலகை, ஓட்டுக்கூரை, நாலு மின்விசிறி. பாடப்பொருள் வைக்க நிலத்தில் இடமில்லை!

அதோடு விட்டதா? அங்கே பார்ப்பவரின் கண், அவருடைய உருவத்துக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் மிதந்துகொண்டு வரும். ஊர்ப் பள்ளிக்கூடத்து உயரத்தில் கூரை போட்டதால், உருவம் உள்ளே போனதும் கண் வெளியே மாட்டிக்கொண்டது. உள்ளே வந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரிந்தது நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய ஓடு மட்டும்தான். பத்து நிமிடத்தில் ஒவ்வொருவராக வெளியே வந்து, சும்மா அழகுக்கு வைத்திருந்த வேப்பமரத்தின் கீழ் நின்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதன் பிறகு எல்லாக் கூட்டமும் மரத்தடியில்தான். கூரையைக் கழற்றினேன், பெஞ்சுகளை நீக்கினேன், மரத்தைச் சுற்றிப் பெட்டிகளை வைத்தேன். பெட்டியைத் தொட்டால் குறிப்பட்டை கைக்கு வரும். அப்புறம்தான் அது பயன்பட்டது.

நன்றாகக் கட்டியவர்களும் இருந்தார்கள். டெக்சஸ் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ‘ஜீனோம் ஐலண்ட்’ என்று மரபியலுக்கு ஒரு தீவு வைத்திருந்தார்கள். மரபியலாளர் மெண்டல் இருந்தது போன்ற ஒரு மடம், தோட்டம், பட்டாணிச் செடிகள். செடியைச் சொடுக்கிக் கலப்பு செய்து விளைவை எண்ணிக்கொள்ளலாம். அங்கே கரும்பலகைக்கு வேலை இல்லை, தோட்டமே பாடம்.

இனி என் சொல்: வளவு. ஆசிரியர்களுக்கானது என்றால் ஆசிரியர் வளவு.

நான் நாகர்கோவில்காரன். எங்கள் பக்கம் வளவு என்றால் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக நாலைந்து வீடு, நடுவில் பொதுக் கிணறு. “வளவுல யார் வீட்ல கருவேப்பில இருக்கு?” என்று அம்மா வாசலில் நின்று கேட்டால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வந்துவிடும். செட்டிநாட்டு வீட்டில் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி வளவு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஓர் அறை. தனித்தனி அறை, பொதுவான முற்றம். டாப்ட் இன்னின் வரவேற்பறையும் மாடி அறைகளும் இதே அமைப்புத்தானே? யாழ்ப்பாணத்து அண்ணா போன வருடம் வேறு ஏதோ இழையில் ‘எங்கட வளவுக்குள்ள நிண்ட மா’ என்று எழுதியது நினைவிருக்கிறது. அங்கே அது வேலி போட்ட வீட்டு நிலம், மரங்களோடு. மூன்று ஊரிலும் மூன்று பொருள், ஆனால் மூன்றுக்குமே எல்லை உண்டு, புழக்கம் உண்டு, விளைவது உண்டு. ஐயாவின் சொல்லில் இருக்கும் ‘வளம்’ இதிலும் காதில் விழுகிறது, மூன்று எழுத்தில்.

> வளவு என்றால் வாடகை வீடு நினைவுக்கு வருகிறதே, கல்விக்குப் பொருந்துமா?

நேற்றே தனி மடலில் இப்படிக் கேட்ட அக்காவுக்கு: வாடகை நினைவுக்கு வருவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. செகண்ட் லைஃபில் ஒரு முழுத் தீவு 256 மீட்டருக்கு 256 மீட்டர், 16 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். 2010இல் அதற்கு மாத வாடகை 295 டாலர். கல்வி நிறுவனங்களுக்குப் பாதி விலை என்று கொடுத்துவந்தார்கள். 2010 அக்டோபரில், ‘ஜனவரியிலிருந்து அந்தச் சலுகை கிடையாது’ என்று செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் அறிவித்தது. எத்தனையோ பேர் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு, அதே மாதிரியான கட்டற்ற மென்பொருளான ஓப்பன்சிமுலேட்டருக்குக் குடிபோனார்கள். அங்கே ஒரு தீவை அப்படியே ஒற்றைக் கோப்பாகச் சேமித்து வேறு கணினியில் விரித்துக்கொள்ளலாம். 2013இல் சலுகை திரும்ப வந்தது, போனவர்களில் பலர் வரவில்லை. ‘உலகம்’ என்று பெயர் வைத்தால் என்றைக்கும் இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. வளவு என்றால் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். வளவு அமைக்கப்போகும் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

சொல் எப்படிப் பெருகுகிறது என்றும் பார்த்தேன். உறுப்பினர்: வளவுக்காரர். (எங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிற சொல்.) பொதுக்கூடம்: முற்றம். தனி அறை: அறையேதான். கட்டிப் பழக விடும் இடத்துக்குத் தமிழ் விக்கிப்பீடியாவின் ‘மணல்தொட்டி’ இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். வளவு அமைத்தல், வளவு திறத்தல், வளவைக் காலி செய்தல் எல்லாம் தடங்கல் இல்லாமல் வருகின்றன. மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு மீட்டர் கட்டிகளை அடுக்கிக் கட்டினாலும் வளவுதான், வெறும் எழுத்தில் கட்டினாலும் வளவுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். எழுத்துப்பிழை திருத்தி இதை ‘வளைவு’ என்று மாற்றப் பார்க்கும். இந்த மடலிலேயே இரண்டு முறை மாற்றியது. சென்னை, கோவைப் பக்கம் பலருக்கு இது புதுச்சொல்லாகவே படும். இருக்கட்டும், ‘வளவெளி’யும் அவர்களுக்குப் புதிதுதான். இதற்காவது போய்க் கேட்க ஒரு பாட்டி இருக்கிறாள்.

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

வளவு (பெ.): பலர் ஒரே நேரத்தில் உருவமாகவோ பெயராகவோ உள்ளே இருந்து பழகவும், பொருள்களை வைத்துப் போகவும் எடுக்கவும் கணினியில் அமைத்த இடம். எ-டு: ‘கணித ஆசிரியர் வளவில் பின்னம் கற்பிக்கும் மாதிரிகள் உள்ளன.’

உள்ளே நடமாடும் உருவத்துக்கு ‘அவதாரம்’ இருக்கட்டுமா, ‘சாயல்’ என்று மாற்றலாமா என்பதை இதில் குழப்ப வேண்டாம், தனி இழை போடுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். திங்கட்கிழமை பட்டியலை அனுப்பியாக வேண்டும். யாழ்ப்பாணத்து அண்ணா, உங்கள் பக்கத்தில் வளவுக்கு வேறு ஏதாவது பொருள், முக்கியமாகக் கேலிப் பொருள், இருந்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.