கருவிழி எவ்வளவு இறுக்கம் எண்டு ஆருக்காவது அளந்திருக்கோ?

கோண்டாவில் பெடியன்
எனக்குக் கெரட்டோகோனஸ், கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரித் தள்ளுற வருத்தம், இங்க கனபேருக்குத் தெரியும்தானே. போன மாசம் இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போய் கருவிழித் தடிப்பு அளந்தனான். மரப்பு மருந்து ரெண்டு சொட்டு விட்டிட்டு அளக்கிற அக்கா பேனை மாதிரி ஒண்டைக் கண்ணுக்கு நேர கொண்டு வந்தவா, பட்டது தெரியேல்ல ஆனா வாறது தெரியுது பாருங்கோ, கதிரைக் கையை விடவே இல்லை. 431 எண்டு விழுந்துது. சாதாரணமா 540 மைக்ரோன் (மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒண்டுதான் மைக்ரோன்) கிட்ட இருக்கோணும். "அக்கா, அப்ப எவ்வளவு மெத்தெண்டு போச்சு?" எண்டு கேட்டன். "தம்பி, மாங்காயின்ர தோல் தடிப்பை அளந்து பழுத்திட்டுதெண்டு சொல்லேலுமோ? அமத்திப் பாக்கோணும், இது அமத்தாது" எண்டா. அமத்திப் பாக்கிற ஸ்கான் ஆராவது செய்தனீங்களோ?

திருநெல்வேலிச் சந்தி
எனக்குச் செய்தவை. புஸ் எண்டு காத்தடிச்சு கருவிழி உள்ள போய்த் திரும்பி வாறதைப் படமெடுக்கிறது. நான் துள்ளித் துள்ளி மூண்டு தரம் அடிச்சவை.

பரிஸ் கொக்குவிலான்
அது காத்து, அல்ட்ராசவுண்ட் இல்லை, குழப்பாதேங்கோ. தம்பிக்குத் தடிப்பு அளந்த பேனைதான் அல்ட்ராசவுண்ட், காதுக்குக் கேக்காத சத்தம்; அது கருவிழியின்ர முன்பக்கமும் பின்பக்கமும் பட்டு வாற எதிரொலியின்ர நேர வித்தியாசத்தை எடுத்து, செக்கனுக்கு 1640 மீற்றர் எண்டு கணக்குப் போடுது, அவ்வளவுதான். இறுக்கம் பாக்கிறதெண்டா சத்தத்தாலயே மெல்லத் தள்ளி ஒரு அதிர்வு ஓட விட்டு அது எவ்வளவு கெதியா ஓடுதெண்டு படமெடுக்கோணும், இறுகின இடத்தில கெதியா ஓடும். 2009 இல இங்க பரிசில மிக்கேல் தாந்தேர் எண்ட ஆராய்ச்சியாளரின்ர ஆக்கள் பண்டிக் கண்ணில செய்து காட்டினவை. என்ர கண்ணில ஒருத்தரும் செய்யேல்ல. கிராஸ்லிங்கிங், அதுதான் கருவிழியை இறுக்கிற சிகிச்சை, செய்யேக்க அரை மணித்தியாலம் மஞ்சள் சொட்டு, அரை மணித்தியாலம் நீல வெளிச்சம், எழும்பி "இறுகிட்டுதோ டொக்டர்?" எண்டன். "அடுத்த வருசமும் வளைவு கூடாட்டி இறுகினதுதான்" எண்டார்!

திருநெல்வேலிச் சந்தி
காத்தும் அமத்துறதுதானே அண்ணை.

சங்கானை மாமி
அம்மாக்கு கண் பிறசர் 15, நல்லம் எண்டு அனுப்பிப்போட்டினம். பேந்து ஒருத்தர் தடிப்புப் பாத்தா 480. மெல்லிசுக் கண் பிறசரைக் குறைச்சுக் காட்டுமாம், அதுக்குள்ள கண் நரம்பு பழுதாப்போட்டுது. சரி அதை விடுங்கோ. பிள்ளையள் ஒருக்காலும் கண்ணைக் கசக்காதேங்கோ, சோளகக் காத்துக்க சைக்கிளில போறதெண்டா கண்ணாடி போடுங்கோ, கடிச்சா கண்ணை மூடிக்கொண்டு ஈரத்துணி வையுங்கோ, குப்புறப் படுக்காதேங்கோ, நந்தியாவட்டைப் பூ ஒத்தினா குளிர்ச்சி, கிழமைக்கு ரெண்டு நாளாவது பொன்னாங்காணி வறுத்துச் சாப்பிடுங்கோ, எங்கட வளவில நிக்குது, வந்தா ஆஞ்சு தாறன், போனை இருட்டுக்க பாக்காதேங்கோ.

கோண்டாவில் பெடியன்
மாமி, பொன்னாங்காணிக்கு கருவிழி இறுகாது. வழமையான கிராஸ்லிங்கிங்குக்கு கருவிழியின்ர மேல்தோலை எடுத்தாப் பிறகு 400 க்குக் குறையக் கூடாதாம், எனக்கு மேல்தோலோடயே 431 தான். ஆனா கசக்கிற கதை மெய். வரேக்க முறிகண்டியில பஸ் நிண்டது, இறங்கி கற்பூரம் கொழுத்தினன், புகை பட்டுது. பக்கத்தில நிண்ட ஐயா "தம்பி, ஏன் அழுறீர்?" எண்டு கேட்டாப் பிறகுதான் பாத்தன், ரெண்டு கையாலயும் கசக்கிக்கொண்டு நிக்கிறன்.