வண்டலூர் ஜூ: செவ்வாயா, புதனா?

குழு: ராஜம் பாட்டி வகையறா 🌿

அரவிந்த்: செவ்வாய் காலைல சென்னை வந்துடுவோம். பசங்க ரெண்டும் கோயம்புத்தூர்லேருந்தே வண்டலூர் வண்டலூர்னு உயிரை வாங்குதுங்க. அன்னைக்கே போயிடலாமா?

கார்த்தி: டன் மச்சான்

அம்மா: போலாமே. நான் புளியோதரை கிளறிடறேன்

ரவி சித்தப்பா: செவ்வாய் ஜூ லீவு

அரவிந்த்: அரையாண்டு லீவுல கூடவா மாமா

ரவி சித்தப்பா: வாரா வாரம் செவ்வாய் லீவுதான். பண்டிகை, பள்ளிக்கூட லீவு சமயத்துல சில செவ்வாய் திறப்பாங்க, ஆனா அதுக்கு முன்னாடியே அறிவிப்பு வரும். அது வராம நாமளா கிளம்பினா கேட்டைத்தான் பார்த்துட்டு வரணும். புதன் வெச்சுக்கோங்க. 9 மணிக்குத் திறக்கும், 8.45க்கு அங்க நிக்கணும். பதினொண்ணுக்கு மேல போனா புலி சிங்கம் எல்லாம் நிழல் பார்த்துப் படுத்துடும். 200 ரூபா குடுத்து முதுகைப் பார்க்கணும்.

கார்த்தி: 8.45 😶

சுதா அண்ணி: மாமா, இவர் கண்ணு முழிக்கிறதே அப்பதான்

விஜயா அத்தை: ↪️ பலமுறை அனுப்பப்பட்டது
*எச்சரிக்கை!! வண்டலூர் பூங்காவில் சிங்கம் மாயம். யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம். அனைவருக்கும் பகிரவும்* 🙏🙏

விஜயா அத்தை: முதல்ல இதைப் படிங்க

ரவி சித்தப்பா: அக்கா, இது 2025 அக்டோபர் கதை. சஃபாரிக்குள்ள விட்ட சிங்கம் ஒண்ணு சாயந்திரம் கூண்டுக்குத் திரும்பலை. சுத்தி வேலி, அதைத் தாண்டி வெளிய வரவே இல்ல. ட்ரோன் எல்லாம் விட்டுத் தேடினாங்க, கடைசில அதுவாவே வந்துடுச்சு. சாயந்திரம் கறி உள்ளதான் கிடைக்கும், அந்தப் பழக்கத்துலதான் தினமும் யாரும் விரட்டாம அதுவா உள்ள போகுது.

விஜயா அத்தை: நெருப்பில்லாம புகையுமா

திவ்யா: அத்தை இதையே தீபாவளிக்கும் போட்டீங்க

விஜயா அத்தை: சொல்றவங்க சொன்னா யாரு கேக்கறா. கிரகப்பிரவேசத்துக்கே முதல் நாள் போன் பண்ணவங்கதானே

அம்மா: விஜயா, அது பத்திரிகை அச்சடிச்சவன் பண்ணின கூத்து. எத்தனை தடவை சொல்றது

கார்த்தி: பார்க்கிங் இருக்கா சித்தப்பா

ரவி சித்தப்பா: இருக்கு, கட்டணம் தனி. சஃபாரி, பேட்டரி வண்டி, கேமரா எல்லாமே தனித்தனி. உள்ள போக டிக்கெட் ஆன்லைன்லயே எடுத்துடு. ரயில்ல வர்றவங்க செங்கல்பட்டு வண்டியா பார்த்து ஏறுங்க, தாம்பரம் வண்டி தாம்பரத்தோட நின்னுடும். அதுக்கப்புறம் பெருங்களத்தூர், அடுத்து வண்டலூர். இறங்கினா ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டணும், பசங்க கையை விடாதீங்க.

விஜயா அத்தை: எங்க அம்மாவும் வருவேங்கறாங்க. 81 வயசு, முட்டி வலி. யாரு பார்த்துக்கறது?

ரவி சித்தப்பா: அது 602 ஹெக்டேர் அக்கா, நமக்கே நாக்கு தள்ளிடும். உள்ள போனதும் எதையும் பார்க்காம நேரா பேட்டரி வண்டி டிக்கெட் எடுக்கணும். எல்லாரும் முதல்ல குரங்கு கூண்டுகிட்ட நின்னு போட்டோ எடுப்பாங்க, அப்புறம் இங்க வந்தா வரிசை வால் மாதிரி நீண்டிருக்கும். வண்டில ஒரே குறை, ஒவ்வொரு இடத்துலயும் கொஞ்ச நேரம்தான் நிறுத்துவாங்க. அம்மாவை ஓரமா உக்கார வைங்க, நடுவுல உக்காந்தா அடுத்தவன் தலைதான் தெரியும்.

விஜயா அத்தை: 🎤 குரல் செய்தி (0:48)

திவ்யா: பாட்டி என்ன சொல்றாங்க

அரவிந்த்: "மூர் மார்க்கெட் பக்கத்துல இருந்தப்பவே பார்த்த ஜூடா அது, என்னை என்ன கூட்டிட்டுப் போய் காட்டறது"ன்னு 😂 மீதி 40 செகண்ட் தாத்தா வாங்கிக் குடுத்த சோடா

ரவி சித்தப்பா: அம்மா சொல்றது சரிதான். 1855ல எழும்பூர் மியூசியத் தலைவர் பால்ஃபர் அங்கயே ஆரம்பிச்சது, அப்புறம் சென்ட்ரல் பக்கம் வந்தது. 1985ல எம்ஜிஆர் வண்டலூர்ல திறந்து வெச்சார்.

கார்த்தி: கூகுள் சித்தப்பா

அம்மா: புளியோதரை எத்தனை பேருக்குன்னு யாருமே சொல்லல

ரவி சித்தப்பா: அண்ணி, டிபன் பாக்ஸ்ல கொண்டு வாங்க. பாலிதீன் கவர் கேட்லயே போயிடும். சிப்ஸ் பாக்கெட்டும் வேண்டாம். கூண்டுக்கு வெளிய சுத்தற குரங்குக்கு அந்த சரசரப்பு போதும், கையில தொங்கற பையைத்தான் முதல்ல இழுக்கும். பை முதுகுல இருக்கட்டும். பிடுங்கினா விட்டுடுங்க, எதிர்த்து இழுத்தா கடிக்கும்.

சுதா அண்ணி: சிப்ஸ் இல்லேன்னா யாழினி அழுவாளே

அரவிந்த்: பசங்களுக்கு சைக்கிள் வாடகைக்கு உண்டுல்ல மாமா?

ரவி சித்தப்பா: உண்டு. எடுத்ததும் பிரேக் பிடிச்சுப் பார்த்துட்டு ஏறச் சொல்லு, வழில தெரிஞ்சா திரும்பத் தள்ளிட்டுதான் வரணும். அப்புறம் முதலைகிட்ட நிறுத்தி ஒண்ணு சொல்லிடு. வாயைப் பொளந்துட்டு பல்லு தெரிய அரை மணி நேரம் அப்படியே கிடக்கும், கண்ணு கூட அசையாது. பொம்மைன்னு நினைச்சு கல்லு விடறாங்க. வெயில்ல உடம்பு சூட்டை இறக்கத்தான் வாயைத் திறக்குது.

திவ்யா: சிங்கவால் குரங்கு இருக்கா? போன தடவை கார்த்தி கருங்குரங்கைக் காட்டி அதான்னான்

கார்த்தி: ரெண்டும் கருப்பு, விடு

ரவி சித்தப்பா: முகத்தைச் சுத்தி நரைச்ச தாடி மாதிரி பிடரி, வால் நுனில சின்னக் குஞ்சம், அது சிங்கவால் குரங்கு. தலை மட்டும் பழுப்பா, வால் நீளமா இருந்தா நீலகிரி கருங்குரங்கு. அப்படியே ஜூக்குள்ள இருக்கற ஓட்டேரி ஏரியையும் விட்டுடாதீங்க. மழை பெஞ்சு தண்ணி நின்னிருந்தா கூழைக்கடா, வக்கா எல்லாம் மரத்துல அடைஞ்சிருக்கும். கூண்டு, கம்பி எதுவும் கிடையாது, அதுங்களா வந்த பறவைங்க. மார்கழி தைல போனாதான் உண்டு, சித்திரைல வெறும் தரை.

கார்த்தி: சஃபாரி?

ரவி சித்தப்பா: டிக்கெட் கிடைச்சா முதல் ட்ரிப். மத்தியானம் வேண்டாம்.

விஜயா அத்தை: புதன் எனக்கு ஆகாது. சாய்பாபா கோவில்ல அன்னதானம் ஒத்துக்கிட்டிருக்கேன்

அரவிந்த்: அம்மா அது வியாழன்தானே

விஜயா அத்தை: காய் நறுக்கறது முதல் நாள்தானேடா

சுதா அண்ணி: வெள்ளி?

அரவிந்த்: வெள்ளி நைட் எங்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட் அண்ணி

அம்மா: என் வண்டில அஞ்சு பேர்தான். விஜயாவும் அத்தையும் ரவி வண்டில வரட்டும்

விஜயா அத்தை: ஓ, இப்பவே பிரிச்சாச்சா

ரவி சித்தப்பா: நான் பெருங்களத்தூர்க்காரன், எனக்கு வண்டியே வேண்டாம், அடுத்த ஸ்டேஷன். அம்மாவை மட்டும் யாராவது கேட் வரைக்கும் கொண்டாந்து விடுங்க

கார்த்தி: 👍

சுதா அண்ணி: எதுக்கு 👍? புதனுக்கா, பாட்டிக்கா?

அம்மா: புளி ஊறப் போடணும். தலை எண்ணிச் சொல்லுங்கப்பா