பிசினஸ் வகுப்பில் சிறு குழந்தைகளுடன் பயணம்: ஆலோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். கிருஷ்ணகிரியில் வசிக்கும் நாங்கள், நான்கு வயது மகளோடும் பத்து மாதக் கைக்குழந்தையோடும் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து லண்டனுக்கு பிசினஸ் வகுப்பில் செல்லவிருக்கிறோம். பயணச்சீட்டு என் கணவரின் அலுவலகம் தருவது. இல்லையென்றால் அந்தத் திரைக்கு அப்பால் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பதும், பன்னாட்டுப் பயணத்தில் அதற்குப் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம் வாங்குவது வழக்கம் என்பதும் தெரியும். பிசினஸ் வகுப்பில் அந்தப் பத்தே ஒரு நல்ல தொகைதான். என் கவலை இருக்கைகளைப் பற்றியது. தோள் உயரத் தடுப்புகளோடு ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும் அமைப்பில், மகள் நடைவழிக்கு அப்பால் உட்கார நேர்ந்தால், பெல்ட்டைச் சரிசெய்யவோ சாய்கின்ற பழச்சாறு டம்ளரைப் பிடிக்கவோ எனக்குக் கை எட்டாது. நடுவரிசையில் ஒட்டியிருக்கும் இரு இருக்கைகளை எடுத்தவர்கள், இடைத்தடுப்பைப் பயணம் முழுவதும் இறக்கி வைக்க முடிந்ததா என்று சொல்லுங்கள். தொட்டில் குறிப்பிட்ட சில இருக்கைகளுக்கு மட்டுமே, அதுவும் எடை வரம்புக்கு உட்பட்டே கிடைக்கும் என்பதால், அதைப் பதிவு செய்யும்போதே உறுதிப்படுத்தினீர்களா?

மலேசியா ஏர்லைன்ஸ் தன் 747 விமானங்களின் முதல் வகுப்பில் கைக்குழந்தைகளை அனுமதிப்பதில்லை என்ற செய்தி 2011-இல் பெரிதாகப் பேசப்பட்டது. எனவே சக பயணிகளின் முகச்சுளிப்பை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.