.பிஎல் என்றால் பெர்லா, புரோலாக்கா? எடிட்டர் எதை நம்பவேண்டும்?

காட்பாடி_பையன்: ஏஐ லேபுக்குப் புரோலாக் மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். கோப்பின் பெயர் .பிஎல் (.pl) என்று முடிவதால் எடிட்டர் அதைப் பெர்ல் என்ற வேறு மொழி என்றே எடுத்துக்கொள்கிறது. நாலு வரியைக் கமெண்ட் (ஓடாத குறிப்பு) ஆக்கினால் ஒவ்வொன்றின் முன்னும் # விழுகிறது. புரோலாக்கில் கமெண்ட் குறி %. ஓடவிட்டால் வரிசையாகப் பிழை. உள்ளே எட்டிப் பார்த்தால் புரோலாக் விதிகளில் வரும் :- குறி தெரியுமே! எக்ஸ்டென்ஷனை (பெயரின் கடைசிப் பகுதியை) மட்டும் நம்புவது என்ன நியாயம்?

சத்துவாச்சாரி_சி: தம்பி, பெர்லில் "? 1 :-1" என்று எழுதினாலும் :- வரும். அப்போது புரோலாக் என்று சொல்லிவிடுமா? பெயர் வைத்தவன் நீ, நீதான் சொல்லவேண்டும். செட்டிங்கில் .பிஎல் என்றால் புரோலாக் என்று ஒருமுறை போடு, வேலை முடிந்தது.

காட்பாடி_பையன்: அண்ணா, அதே மெஷினில் அடுத்த பேட்ச் மாணவர்கள் பெர்ல் எழுதினால்?

ஆற்காடு_விம்: நியாயமான கேள்வி. பெயர் மட்டும் போதாது. ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்றுக்கு நான் எழுதுவது சுத்தமான சி. ஆனால் .எச் (.h) கோப்பை என் எடிட்டரான விம் சி++ என்றே எடுத்துக்கொள்ளும். நியூ (new) என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் கீவேர்டு (மொழியே ஒதுக்கிய சொல்) நிறத்தில் மின்னும். சி-யில் அது சாதாரணப் பெயர். மாற்ற ஒரு செட்டிங் இருக்கிறது, அது எத்தனை பேருக்குத் தெரியும்?

சத்துவாச்சாரி_சி: சரி, உள்ளடக்கத்தை வைத்தே ஊகிக்கட்டும். இப்போதுதான் திறந்த காலிக் கோப்பில் எதைப் பார்க்கும்? மூன்று வரி தட்டுவதற்குள் நிறம் மூன்றுமுறை மாறினால் கண்ணே வலிக்கும். விஎஸ் கோடு எடிட்டர் 2021-இல் கொண்டுவந்த தானியங்கி ஊகமும் முக்கியமாகப் பெயர் வைக்காத கோப்புகளுக்குத்தான்.

ஆற்காடு_விம்: எல்லாவற்றையும் ஊகிக்க யார் சொன்னது? கோப்பின் மொழியைக் கண்டுபிடிக்கும் கிட்ஹப்பின் லிங்குயிஸ்ட்டைப் பாருங்கள். மோட்லைன் (கோப்புக்குள்ளேயே எடிட்டருக்கு எழுதும் குறிப்பு வரி), கோப்பின் பெயர், ஷெபாங் (எதைக் கொண்டு ஓடவிட வேண்டும் என்று சொல்லும், #! என்று தொடங்கும் முதல் வரி), எக்ஸ்டென்ஷன் என்று வரிசையாகப் பார்க்கும். அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி மிஞ்சினால்தான் உள்ளே தேடும். புள்ளியியல் ஊகம் கடைசி. .பிஎல் மாதிரி தகராறுக்கு மட்டும் உள்ளே பார்த்தால் போதும்.

சத்துவாச்சாரி_சி: மோட்லைன் முதலிலா? 2019-இல் விம்மில் மோட்லைன் வழியாகக் கோப்பைத் திறந்தாலே கட்டளை ஓடும் ஓட்டை வந்ததே!

ஆற்காடு_விம்: அது மோட்லைனில் மொழியின் பெயரோடு நிற்காமல் மற்றவற்றையும் ஓடவிட்டதன் வினை. மொழியின் பெயரை மட்டும் படித்தால் என்ன ஆபத்து? ஷெபாங்கும் அப்படித்தானே.

காட்பாடி_பையன்: அப்புறம், ஊகித்ததைக் கீழ்ப்பட்டையில் காட்டி, ஒரு கிளிக்கில் மாற்றவிட்டு, அந்தக் கோப்புக்கு அதை நினைவில் வைத்தால் எனக்குப் போதும்.

சத்துவாச்சாரி_சி: நினைவில் வைப்பது சரி. ஊகத்துக்கு மட்டும் என் ஓட்டு கிடையாது.